கையடக்க இசை பிளேயரும் அதற்கேற்ற மென்பொருளும்

களப்பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் பழைய ஐபாட் பிளேயர் ஒன்று இருக்கிறது. பத்தாண்டுகளாக அவர் சேர்த்த பாட்டுகளும், பயிற்சி வகுப்புகளின் விரிவுரைகளும், கிராமத்து முதியோர் சொல்லக் கேட்டுப் பதிவு செய்த கதைகளும் அதில் நிறைந்திருக்கின்றன. அவருடைய வீட்டுக் கணினி பழுதாகிவிட்டது. புதிய கணினி ஒன்றை வாங்கி, பிளேயரை அதனுடன் இணைக்கிறார். உடனே திரையில் ஒரு வினா தோன்றுகிறது. இந்த பிளேயர் வேறொரு கணினியின் தொகுப்புடன் சேர்ந்தது; இதில் உள்ளவற்றை அழித்துவிட்டு இக்கணினியின் தொகுப்புடன் ஒத்திசைக்கலாமா என்பதே அவ்வினாவின் பொருள். அதை முழுவதும் படியாமல் அவர் சம்மதம் தெரிவித்தாரானால், பத்தாண்டுச் சேமிப்பு சிறிது நேரத்தில் மறைந்துவிடும். பழைய கணினியும் பழுதாகிவிட்டபடியால் வேறு பிரதி எங்கும் இராது.

இது விளக்கத்திற்காகக் கூறிய உதாரணமே. ஆயினும் ஐட்யூன்ஸ் என்னும் மென்பொருள் ஐபாடை நிர்வகித்த முறை இதுதான். தானாக ஒத்திசைக்கும்படி அமைத்த பிளேயர் ஒரு சமயத்தில் ஒரே ஒரு தொகுப்புக்கு மட்டும் உரியதாகும் என்பது அதன் விதி. மேற்கூறிய உதாரணத்தில் பிளேயரிலும் கோளாறு இல்லை. மென்பொருளிலும் கோளாறு இல்லை. தனக்கு இடப்பட்ட விதியின்படியே மென்பொருள் நடந்துகொண்டது. அவ்விதி இன்னதென்று உடைமையாளர் அறியாதிருந்ததே இழப்புக்குக் காரணம்.

பிளேயருடன் வரும் மென்பொருளை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் பலர். எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினாவுக்கு விடை காணுமுன், ‘இம்மென்பொருள் நாளை இல்லாமற்போனால் என் பாட்டுகள் எங்கே, எந்நிலையில் இருக்கும்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தோற்றமும் வசதியும் அதற்கு அடுத்தவையே. இவ்வினாவை அடிப்படையாகக் கொண்டு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒத்திசைவு என்பது யாது?

இரண்டு இடங்களில் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளை மட்டும் நீக்கி ஒன்றுபடச் செய்வதே ஒத்திசைவு. தலைமை அலுவலகத்துப் பதிவேட்டையும் கிளை அலுவலகத்துப் பிரதியையும் மாதந்தோறும் ஒப்பிட்டு, விட்டுப்போன பதிவுகளை மட்டும் எழுதிச் சேர்ப்பது போன்றது இது. பதிவேடு முழுவதையும் ஒவ்வொரு மாதமும் திரும்ப எழுத வேண்டியதில்லை அன்றோ?

இதனால் விளையும் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் அமைந்த எம்பி3 பாட்டு, நிமிஷத்திற்கு 0.96 மெகாபைட் இடம் கொள்ளும். நான்கு நிமிஷப் பாட்டு ஒன்று 3.84 மெகாபைட் ஆகும். ஆயிரம் பாட்டுகள் 3,840 மெகாபைட். விநாடிக்கு 12 மெகாபிட் என்னும் உச்ச வேகம் கொண்ட பழைய யூஎஸ்பி இணைப்பில் இவ்வளவையும் அனுப்புவதற்குக் குறைந்தது 43 நிமிஷங்கள் தேவை. புதிதாகச் சேர்ந்த பத்துப் பாட்டுகளை மட்டும் அனுப்புவதற்கோ 26 விநாடிகள் போதும்.

எவை புதியவை என்பதை மென்பொருள் எவ்வாறு அறிகிறது? பெரும்பாலும் கோப்பின் பெயர், அளவு, கடைசியாக மாற்றப்பட்ட நேரம் ஆகியவற்றை ஒப்பிட்டே அறிகிறது. ஆஸ்திரேலிய நாட்டில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகிய இருவர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் மென்பொருள் இதற்கும் ஒரு படி மேலே சென்று, ஒரே கோப்புக்குள் மாறிய பகுதியை மட்டும் கண்டறிந்து அனுப்பும் முறையைக் கையாண்டது. இன்றும் அது உபயோகத்தில் உள்ளது.

ஒத்திசைவில் மூன்று முறைகள் உண்டு. ஒன்று, சேர்க்கும் முறை: கணினியில் புதிதாக உள்ளவை பிளேயருக்குச் செல்லும், பிளேயரில் உள்ள எதுவும் அழியாது. இரண்டு, பிரதிபலிக்கும் முறை: கணினியில் உள்ளவாறே பிளேயர் ஆக்கப்படும், கணினியில் இல்லாதவை பிளேயரிலிருந்து அழிக்கப்படும். மூன்று, இருவழி முறை: இரு பக்கத்து மாறுதல்களும் இரு பக்கத்துக்கும் செல்லும். நம் களப்பணியாளருக்கு நேர்ந்தது இரண்டாம் முறையின் விளைவு. வெறுமையான கணினியைப் பார்த்து, பிளேயரும் வெறுமையாக்கப்பட்டது.

பிளேயர்கள் மூவகை

எந்த மென்பொருள் பொருந்தும் என்பது பிளேயரின் வகையைப் பொறுத்தது. முதல் வகை, கணினிக்குச் சாதாரண டிஸ்க் போலத் தோற்றமளிப்பது. இதனை யூஎஸ்பி சேமிப்பு முறை என்பர். பாட்டுக் கோப்பை இழுத்து அதில் போட்டால் போதும். பிளேயர் தானே கோப்புகளைப் படித்து அட்டவணை தயாரித்துக்கொள்ளும். இவ்வகைக்கு எந்த மென்பொருளும் ஏற்றதே. மென்பொருள் இல்லாமலும் காரியம் நடக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கினால் டிஸ்க்கின் ஒழுங்கு கெட்டுவிடக்கூடும். ஆகையால் கணினியில் முறைப்படி விடுவித்த பின்னரே கம்பியை எடுக்க வேண்டும்.

இரண்டாம் வகை, எம்டிபி என்னும் முறையைப் பின்பற்றுவது. இதில் கணினி நேரடியாக டிஸ்க்கைத் தொடுவதில்லை. ‘இக்கோப்பைப் பெற்றுக்கொள், அக்கோப்பைக் கொடு’ என்று கேட்கிறது, பிளேயர் தானே எழுதிக்கொள்கிறது. நூலக அலமாரிக்குள் நாமே நுழையாமல், நூலகரிடம் கேட்டுப் பெறுவதற்கு இதை ஒப்பிடலாம். விண்டோஸ் கணினிகள் இதனை இயல்பாகவே அறியும். லினக்ஸில் இதற்கென மென்பொருள் உண்டு. மாக் கணினியின் இயங்குதளம் இதனை நேரடியாக ஏற்பதில்லை. தனி மென்பொருள் வேண்டும். சான்டிஸ்க் கம்பெனியாரின் சான்ஸா கிளிப் போன்ற சில பிளேயர்களில் இவ்விரு முறைகளில் ஒன்றை உடைமையாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ள இடமுண்டு.

மூன்றாம் வகை, தனக்கென ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு, அப்பதிவேட்டில் எழுதப்பட்ட பாட்டுகளை மட்டும் பாடுவது. ஐபாட் இவ்வகையைச் சேர்ந்தது. மாற்று மென்பொருளைப் பற்றிய பிரச்சினைகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சார்ந்தே எழுந்தன. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஐபாடின் பதிவேடு

அமெரிக்க நாட்டு ஆப்பிள் கம்பெனியார் ஐபாடை 2001-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அறிமுகம் செய்தனர். 5 கிகாபைட் டிஸ்க்கில் ஆயிரம் பாட்டுகளை அடக்கிய அக்கருவி, தொடக்கத்தில் மாக் கணினிகளுடன் மட்டுமே பொருந்தியது. ஐட்யூன்ஸ் மென்பொருள் அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரியில் வெளிவந்திருந்தது. அதுவும் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டதன்று. சவுண்ட்ஜாம் என்னும் மென்பொருளை 2000-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி மாற்றி அமைத்ததேயாகும்.

விண்டோஸ் கணினிக்கான ஐபாட் 2002-ஆம் ஆண்டில் வந்தபோது, அதனுடன் கொடுக்கப்பட்டது வேறொரு கம்பெனியாரின் மியூசிக்மேட்ச் ஜூக்பாக்ஸ் என்னும் மென்பொருளாகும். விண்டோஸுக்கான ஐட்யூன்ஸ் 2003-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வெளிவந்தது. ஆகவே ஐபாடை வேறு மென்பொருள் கொண்டு நிர்வகிப்பது பிற்காலத்தார் கண்டுபிடித்த குறுக்குவழி அன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஐபாடைக் கணினியுடன் டிஸ்க்காக இணைத்துப் பார்த்தால், கண்ணுக்குப் புலப்படாத ஐபாட் கன்ட்ரோல் என்னும் கோப்புறை ஒன்று அதில் இருக்கும். அதனுள் எஃப்00, எஃப்01 என்று எண்ணிட்ட உறைகளில் பாட்டுகள் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ கோப்பின் மேல் இராது. பொருளற்ற நான்கு எழுத்துகளே பெயராக அமைந்திருக்கும். எந்தக் கோப்பு எந்தப் பாட்டு என்பதைச் சொல்வது ஐட்யூன்ஸ்டிபி என்னும் பதிவேட்டுக் கோப்பு ஒன்றே. நூல்களின் மேலட்டைகளை எல்லாம் கிழித்துவிட்டு, வரிசை எண்ணை மட்டும் ஒட்டி அடுக்கிய நூலகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பதிவேடு உள்ளவரை எந்த நூலையும் நொடியில் எடுக்கலாம். பதிவேடு காணாமற்போனால் நூலகம் முழுவதும் வெறும் காகிதக் குவியலே.

ஒரு பாட்டுக் கோப்பை ஐபாடுக்குள் இழுத்துப் போட்டாலும் அது பாடாததற்குக் காரணம் இதுவே. பதிவேட்டில் அது எழுதப்படவில்லை. ஐபாடுக்கு மாற்று மென்பொருள் எழுதுவதென்றால், இப்பதிவேட்டை எழுதத் தெரிந்த மென்பொருளை உருவாக்குவதென்றே பொருள். ஆர்வலர் பலர் இதன் அமைப்பை ஆராய்ந்து கண்டனர். அவர்களுடைய உழைப்பின் பயனாகிய லிப்ஜிபாட் என்னும் பொதுத் தொகுப்பு, லினக்ஸ் கணினிகளின் பல இசை மென்பொருள்களுக்கு ஆதாரமாயிற்று.

பதிவேட்டுக்குப் பூட்டு

2007-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான ஐபாட் கிளாசிக், மூன்றாம் தலைமுறை நானோ ஆகியவற்றில் ஒரு மாறுதல் காணப்பட்டது. பதிவேட்டின் உள்ளடக்கத்தையும் அந்தந்தக் கருவிக்குரிய தனி எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்புக் குறி, பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. குறி பொருந்தாவிடில், பாட்டுகள் டிஸ்க்கில் இருந்தும் ‘பாட்டு எதுவும் இல்லை’ என்றே கருவி காட்டும். மாற்று மென்பொருள்கள் எல்லாம் திடீரெனப் பயனற்றுப் போயின. ஆயினும் அம்மாதத்திற்குள்ளேயே குறியைக் கணக்கிடும் வழியை ஆர்வலர் கண்டறிந்தனர். பின்னர் வந்த சில வகைகளில் வேறு முறைகள் கையாளப்பட்டன.

இதன் தொடர்ச்சியாக ஒரு வழக்கும் எழுந்தது. இச்சரிபார்ப்பு முறையைப் பற்றிப் புளூவிக்கி என்னும் தளத்தில் நடந்த விவாதத்தை நீக்க வேண்டுமென 2008-ஆம் ஆண்டு நவம்பரில் ஆப்பிள் கம்பெனியார் கோரினர். தளத்தை நடத்தியோர் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பின் துணையுடன் 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டு ஜூலையில் கம்பெனியார் தம் கோரிக்கையைத் திரும்பப் பெற்றனர்.

பாட்டுக்கே இடப்பட்ட பூட்டு ஒன்றும் உண்டு. 2003-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட ஐட்யூன்ஸ் கடையில் விற்ற பாட்டுகள், ஃபேர்பிளே என்னும் பூட்டுடன் வந்தன. 2009-ஆம் ஆண்டில் கடையின் பாட்டுகளிலிருந்து இப்பூட்டு நீக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கிய பூட்டிய கோப்புகள் யாரிடமேனும் இருக்குமாயின், அவற்றை மாற்று மென்பொருள்கள் பாடமாட்டா. மென்பொருளை மாற்றுமுன் இதனையும் கவனிக்க வேண்டும்.

மறைந்தவை

கருவியைக் காட்டிலும் மென்பொருளின் ஆயுள் குறைவு என்பதை இத்துறையின் வரலாறு காட்டுகிறது. மியூசிக்மேட்ச் கம்பெனியை 2004-ஆம் ஆண்டில் யாஹூ கம்பெனியார் வாங்கினர். மென்பொருள் 2007-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கம்பெனியாரின் ஜூன் பிளேயர் 2006-ஆம் ஆண்டில் வந்து 2011-ஆம் ஆண்டில் நின்றது. அதன் சேவைகள் 2015-ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டன. ஐட்யூன்ஸுக்கு மாற்றாகப் பலர் எதிர்நோக்கிய சாங்பேர்ட் 2013-ஆம் ஆண்டில் முடிவுற்றது. மாக் கணினிகளில் ஐட்யூன்ஸே 2019-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டு, பிளேயரை ஒத்திசைக்கும் பணி ஃபைண்டர் என்னும் கோப்பு நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. விண்டோஸில் இப்பணிக்கென ஆப்பிள் டிவைசஸ் என்னும் தனி மென்பொருள் 2024-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐபாட் குடும்பத்தின் கடைசிக் கருவியாகிய ஐபாட் டச், 2022-ஆம் ஆண்டு மே மாதத்துடன் நிறுத்தப்பட்டது.

சோனி கம்பெனியாரின் அனுபவமும் நினைவில் கொள்ளத்தக்கது. 2004-ஆம் ஆண்டில் வெளியான அவர்களது டிஸ்க் வாக்மேனின் முதல் வடிவம் எம்பி3 கோப்புகளை நேரடியாகப் பாடவில்லை. சோனிக்ஸ்டேஜ் என்னும் மென்பொருள் வழியாக அவற்றை அட்ராக் என்னும் சொந்த வடிவத்திற்கு மாற்றியே ஏற்ற வேண்டியிருந்தது. பின் வந்த வாக்மேன்கள் எம்பி3 கோப்புகளை ஏற்றன. காலப்போக்கில் கோப்புகளை இழுத்துப் போடும் முறையும் வந்தது. ஆனால் தம் தொகுப்பு முழுவதையும் அட்ராக் வடிவில் மட்டும் சேமித்தவர்கள், அதை வேறு கருவிகளில் கேட்க முடியாமல் இடர்ப்பட நேர்ந்தது.

பாட்டுக்குள் இருக்கும் சீட்டு

மென்பொருள் மறைந்தாலும் தொகுப்பைக் காப்பாற்றக்கூடியது ஒன்று உண்டு. பாட்டின் பெயர், பாடியவர், ஆண்டு முதலிய விவரங்களைப் பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் சீட்டுதான் அது. எம்பி3 கோப்புகளில் இதனை ஐடி3 சீட்டு என்பர். எரிக் கெம்ப் என்பவர் 1996-ஆம் ஆண்டில் வகுத்த முதற்பதிப்பு, கோப்பின் கடைசியில் 128 பைட் கொண்டது. அதில் அடையாளத்திற்கு 3, பெயருக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1 என இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கூட்டிப் பார்த்தால் 128 ஆகும்.

இவ்வமைப்பு ஓர் எழுத்துக்கு ஒரு பைட் கொள்ளும் ஐரோப்பிய எழுத்துகளை மனத்திற்கொண்டது. தமிழ் எழுத்துக்கு அது பொருந்தாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். ‘பாட்டு’ என்னும் சொல்லில் ப, கால், ட, புள்ளி, ட, உகரக் குறி என ஆறு கூறுகள் உள்ளன; ஆகவே 18 பைட் தேவை. முப்பது பைட்டில் பத்துக் கூறுகளுக்கு மேல் எழுத இயலாது. 1998-ஆம் ஆண்டு முதல் வந்த இரண்டாம் பதிப்பு, சீட்டைக் கோப்பின் தொடக்கத்தில் வைத்து, நீளத்தையும் கட்டுப்படுத்தாமல், யூனிகோடு எழுத்தையும் ஏற்கிறது. தமிழில் பெயர் எழுத விரும்புவோர் 2.3 என்னும் பதிப்பில் யூனிகோடாக எழுதுவது நன்று. பழைய பிளேயர்களுள் சில 2.4 பதிப்பை அறியமாட்டா. தமிழ் எழுத்துருவே இல்லாத பிளேயரில் பெயருக்குப் பதிலாகக் கட்டங்கள் தோன்றும். வாங்குமுன் ஒரு தமிழ்ப் பாட்டை ஏற்றிப் பார்ப்பது நலம்.

களப்பணியாளர்கள் குறிப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நேர்முகப் பதிவுகள் பெரும்பாலும் வேவ் என்னும் வடிவில் இருக்கும். ஐட்யூன்ஸ் இவ்வகைக் கோப்புக்குள் சீட்டு எழுதுவதில்லை. விவரங்களைத் தன் பதிவேட்டில் மட்டுமே வைத்துக்கொள்ளும். ஆகவே இத்தகைய கோப்பு ஐபாடுக்குள் சென்றபின் அதன் பெயர் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். சினிமாப் பாட்டு ஒன்று பெயர் இழந்தால் கேட்டவுடன் இன்னதென்று கண்டுகொள்ளலாம். வேறிடத்தில் திரும்பப் பெறவும் கூடும். யார், எந்த ஊரில், எப்போது சொன்னது என்று தெரியாத பதிவின் பயன் என்ன? ஆகையால் பதிவு செய்த அன்றே கோப்பின் பெயரில் ஊர், தேதி, பொருள் ஆகியவற்றைக் குறித்து, ஒரு பிரதியைக் கணினியில் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

தேர்வுக்குரிய வினாக்கள்

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கீழ்க்கண்ட வினாக்களைக் கேட்க வேண்டும்.

1. பிளேயரில் உள்ள பாட்டுகளை இம்மென்பொருள் கொண்டு கணினிக்குத் திரும்ப எடுக்க முடியுமா? ஐட்யூன்ஸில் அதன் கடையில் வாங்கியவற்றை மட்டுமே அவ்வாறு எடுக்க முடிந்தது.

2. பாட்டுகளைப் பெயருடன் சாதாரணக் கோப்புறைகளில் வைக்கிறதா?

3. விவரங்களைக் கோப்புக்குள் எழுதுகிறதா, தன் பதிவேட்டில் மட்டும் எழுதுகிறதா? பாட்டு வரிசைகளை எம்3யூ போன்ற பொது வடிவில் வெளியே எடுக்கலாமா?

4. அழிக்குமுன் கேட்கிறதா? மேற்கூறிய மூன்று முறைகளுள் எதில் இயங்குகிறதென்று தெளிவாகக் காட்டுகிறதா?

5. நம் கணினியின் இயங்குதளத்திற்கும் பிளேயரின் தலைமுறைக்கும் பொருந்துமா? மாக் கணினியில் முறைப்படுத்திய ஐபாடை விண்டோஸ் படிக்காது. விண்டோஸில் முறைப்படுத்தியதை இரண்டும் படிக்கும்.

6. இணையம் இல்லாத இடத்தில் இயங்குமா?

7. எழுதியவர் கைவிட்டால் வேறொருவர் தொடர இடமுண்டா? மூல நிரல் வெளியிடப்பட்ட மென்பொருள்களுக்கு இவ்வசதி உண்டு. அமாரக் மென்பொருளின் பழைய பதிப்பிலிருந்து கிளெமென்டைனும், அதிலிருந்து ஸ்ட்ராபெரியும் கிளைத்தது இவ்வாறே.

கிடைக்கக்கூடியவை

விண்டோஸில் ஃபூபார்2000 என்னும் இலவச மென்பொருள், ஐபாட் மேனேஜர் என்னும் இணைப்புடன் பழைய ஐபாடுகளை நிர்வகிக்கும். மீடியாமங்கி பெரிய தொகுப்புகளை ஒழுங்குபடுத்தவும் ஒத்திசைக்கவும் ஏற்றது. டிஸ்க் முறையிலோ எம்டிபி முறையிலோ இயங்கும் பிளேயர்களுக்கு மியூசிக்பீ பொருத்தமானது. லினக்ஸில் ரிதம்பாக்ஸ், ஸ்ட்ராபெரி ஆகியவை லிப்ஜிபாட் வழியாக ஐபாடுடன் பழகும். டிஸ்க் முறைப் பிளேயருக்கு ஃப்ரீஃபைல்சிங்க், ஆர்சிங்க் போன்ற பொது ஒத்திசைவு மென்பொருளே போதும். சீட்டுகளைத் திருத்த எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் ஆகியவை உதவும்.

இவற்றினும் வேறான வழி ஒன்று உண்டு. பிளேயருக்குள் இயங்கும் மென்பொருளையே மாற்றிவிடுவது அது. ஸ்வீடன் நாட்டினர் சிலர் 2001-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்க்கோஸ் பிளேயருக்காகத் தொடங்கிய ராக்பாக்ஸ் என்னும் மென்பொருள், பழைய ஐபாடுகள் பலவற்றிலும் கிளாசிக் வகையிலும் இயங்கும். அதை ஏற்றியபின் தனிப் பதிவேட்டின் கட்டாயம் இல்லை. கோப்புறைகளை இழுத்துப் போட்டாலே பாடும். ஐபாட் அறியாத ஃபிளாக், ஆக் வார்பிஸ் வடிவங்களையும் அது பாடும். ஐபாட் டச் போன்ற கருவிகளுக்கு இது பொருந்தாது. எவ்வாறாயினும், பிரதி எடுத்த பின்னரே இதனை முயல வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில், தானாக ஒத்திசைக்கும் மென்பொருள் இல்லாத கணினியில் பிளேயரை இணைக்கவும். ஐட்யூன்ஸ் உள்ள விண்டோஸ் கணினியாயின், ஷிப்ட், கன்ட்ரோல் ஆகிய இரு விசைகளையும் அழுத்தியவாறு இணைத்தால் தானியங்கு ஒத்திசைவு தடுக்கப்படும். இரண்டாவதாக, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செய்து, ஐபாட் கன்ட்ரோல் கோப்புறை முழுவதையும் பதிவேட்டுடன் கணினிக்கும் மற்றொரு டிஸ்க்குக்கும் பிரதி செய்யவும். மூன்றாவதாக, பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த மாற்று மென்பொருள் கொண்டு பாட்டுகளைப் பெயருடன் வெளியே எடுக்கவும். சீட்டு இல்லாத வேவ் பதிவுகளுக்கு இப்படி இன்றியமையாதது. நான்காவதாக, சீட்டுகளைச் சரிபார்த்துத் திருத்தவும். இவையெல்லாம் முடிந்த பின்னரே புதிய மென்பொருளின் ஒத்திசைவுப் பொத்தானைத் தொட வேண்டும். அப்போதும் முதல் முறை, சேர்க்கும் முறையாகவே இருக்கட்டும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இவ்விஷயத்தை மாணவர்களுக்குப் பிளேயர் இல்லாமலே விளக்கலாம். பள்ளிக் கணினியில் ‘வீடு’, ‘பிளேயர்’ என இரண்டு கோப்புறைகள் அமைக்கவும். முதலாவதில் மூன்று கோப்புகளையும், இரண்டாவதில் அவற்றுள் ஒன்றையும் வேறு இரண்டையும் வைக்கவும். ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற மென்பொருளில், ஒத்திசைவை நடத்துமுன் ஒப்பிட்டுக் காட்டும் பட்டியலைத் திறந்து, எந்தக் கோப்பு எழுதப்படும், எது அழிக்கப்படும் என்பதை மாணவர்களே முன்கூட்டிச் சொல்லும்படி கேட்கவும். பின்னர் சேர்க்கும் முறையில் ஒருமுறையும், கோப்புறைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பிரதிபலிக்கும் முறையில் ஒருமுறையும் நடத்திக் காட்டவும். முதல் முறையில் ‘பிளேயர்’ உறையில் ஐந்து கோப்புகள் இருக்கும். இரண்டாம் முறையில் மூன்றே இருக்கும். அங்கு மட்டும் இருந்த இரண்டு கோப்புகளும் காணப்படா.

அவ்விரண்டும் எங்கே போயின என்று மாணவர் ஒருவர் கேட்பார். களப்பணியாளரின் கதைப் பதிவுகளுக்கு நேரக்கூடியதை அவ்விடத்தில் எடுத்துச் சொல்லலாம்.